முதல்வர் தொகுதியாக இருந்த ஸ்ரீரங்கம் ஒரே நாளில் காலியானது எப்படி? | எக்ஸ்ப்ளெய்னர்

2014 செப்டம்பர் 27. பெங்களூரு பரப்பன அக்ரஹாராவில் அமைக்கப்பட்டிருந்த சிறப்பு நீதிமன்றத்தில் நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா சொத்துக்குவிப்பு வழக்கின் தீர்ப்பை வாசித்தார். ஜெயலலிதாவுக்கு 4 ஆண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம். அந்த நொடியிலேயே தமிழ்நாட்டின் முதல்வர் பதவி மட்டுமல்ல, 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் ஒரு தொகுதியின் எம்எல்ஏ இடமும் காலியானது. அது ஸ்ரீரங்கம்.

பதவியில் இருக்கும்போதே தகுதி இழந்த இந்தியாவின் முதல் முதல்வர் ஜெயலலிதாதான். அவருடைய அரசியல் பயணத்தில் ஸ்ரீரங்கம் வெறும் மூன்றரை ஆண்டு அத்தியாயம். ஆனால் ஒரு எம்எல்ஏ பதவி எப்படி வருகிறது, எப்படிப் போகிறது, போனால் ஊருக்கு என்ன ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பார்த்துவிடலாம்.

முதலில், ஏன் ஸ்ரீரங்கம்?

2011 வரை ஜெயலலிதாவின் தொகுதி ஆண்டிபட்டி. தேனி மாவட்டத்தில் இருக்கும் இந்தத் தொகுதி எம்ஜிஆர் 1984ல் அமெரிக்க மருத்துவமனையில் படுத்தபடியே ஜெயித்த தொகுதி. அதிமுகவுக்கு அது கோட்டை மாதிரி. அதை விட்டுவிட்டு 2011 தேர்தலில் அவர் திருச்சி பக்கம் வந்தார்.

இதற்குச் சொல்லப்பட்ட முதல் காரணம், பூர்வீகம். ஜெயலலிதா பிறந்தது கர்நாடகாவின் மேல்கோட்டையில் (1948 பிப்ரவரி 24). ஆனால் அவருடைய தாய்வழித் தாத்தா ரங்கசாமி ஐயங்காரின் சொந்த ஊர் ஸ்ரீரங்கம். வேலைக்காக மைசூர் பக்கம் போன குடும்பம் அது. "இவர் நம்ம ஊர் பொண்ணு" என்று கட்சிக்காரர்கள் வீடு வீடாகச் சொல்வதற்கு இது போதுமானதாக இருந்தது.

இரண்டாவது காரணம் அரசியல் கணக்கு. 2010ல் திமுக ஆட்சிக்கு எதிராக அவர் மூன்று பெரிய கூட்டங்களை நடத்தினார். ஜூலையில் கோவை, ஆகஸ்ட்டில் திருச்சி, அக்டோபரில் மதுரை. திருச்சி ஜி கார்னர் மைதானத்தில் கூடிய கூட்டம் அன்று பெரிதாகப் பேசப்பட்டது. திருச்சி என்பது மாநிலத்தின் நடுவில் இருக்கும் ஊர். 1956ல் திமுக 'தேர்தலில் நிற்பது' என்று முடிவெடுத்ததும் இதே திருச்சியில் நடந்த மாநாட்டில்தான். அதிமுகவோ, திமுகவோ, திருச்சியில் நடத்துவது திருப்புமுனையாகும் என்ற நம்பிக்கை இரண்டு பக்கமும் உண்டு.

ஸ்ரீரங்கம்னா கோயில் மட்டும்தானா?

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு இது. ஸ்ரீரங்கம் என்றதும் 236 அடி ராஜகோபுரமும், ஏழு பிரகாரமும், உத்திர வீதி, சித்திர வீதியும்தான் நினைவுக்கு வரும். அங்கே ஒரு ஐயங்கார் தலைவர் நிற்கிறார், அதனால் ஜெயிக்கிறார் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

தொகுதியின் வரைபடத்தைப் பார்த்தால் கதை வேறு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு, அதாவது ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும், தொகுதியின் ஒரு பகுதி மட்டுமே. ஆற்றைத் தாண்டித் தெற்கே அந்தநல்லூர் ஒன்றியம், மணிகண்டம் ஒன்றியம், மணப்பாறை வட்டத்தின் சில ஊர்கள் என்று நீள்கிறது. ஜீயபுரம், சிறுகமணி பக்கம் வாழையும் நெல்லும். இனாம்குளத்தூர், சேதுராப்பட்டி பக்கம் போனால் மானாவாரி நிலம். முத்தரையர் சமூக வாக்குகள் இங்கே கணிசமாக இருக்கின்றன. கோயில் வீதியில் ஓட்டு கேட்டால் மட்டும் இந்தத் தொகுதியில் ஜெயிக்க முடியாது. வாழைத்தார் விலையும், வாய்க்கால் தண்ணீரும், பஸ் வசதியும் பேச வேண்டும்.

2011 முடிவு: ஜெயலலிதா 1,05,328 வாக்குகள். திமுகவின் என்.ஆனந்த் 63,480 வாக்குகள். வித்தியாசம் 41,848. மே 16ல் அவர் முதல்வராகப் பதவியேற்றார். ஸ்ரீரங்கம் 'முதல்வர் தொகுதி' ஆனது.

அவருக்கு இது எத்தனையாவது தொகுதி?

1982ல் அதிமுகவில் சேர்ந்து, 1983ல் கொள்கைபரப்புச் செயலாளராகி, 1984ல் மாநிலங்களவைக்குப் போனவர் ஜெயலலிதா. எம்ஜிஆர் மறைவுக்குப் பிறகு சட்டமன்றத் தேர்தல் களத்தில் அவருடைய ரூட் இப்படி:

- 1989, போடிநாயக்கனூர்: கட்சி உடைந்திருந்த நேரம். சேவல் சின்னத்தில் நின்று வென்று, தமிழ்நாட்டின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார்.
- 1991, பர்கூர், காங்கேயம்: இரண்டிலும் வெற்றி. பர்கூரை வைத்துக்கொண்டார். முதல்முறை முதல்வர்.
- 1996, பர்கூர்: திமுகவின் சுகவனத்திடம் தோல்வி. கட்சிக்கே மொத்தம் 4 இடங்கள்தான்.
- 2001: நான்கு தொகுதிகளில் மனு, நான்கும் தள்ளுபடி.
- 2002 இடைத்தேர்தல், 2006, ஆண்டிபட்டி: இரண்டு முறையும் வெற்றி.
- 2011, ஸ்ரீரங்கம்.
- 2015 இடைத்தேர்தல், 2016, சென்னை ஆர்.கே.நகர்.

அடிக்கடி தொகுதி மாறுவது ஜெயலலிதாவின் பழக்கம் மட்டும் இல்லை. திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் குளித்தலையில் 1957ல் ஆரம்பித்த கருணாநிதி தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என்று மாறிக்கொண்டே போனார். எம்ஜிஆரும் பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு, ஆண்டிபட்டி என்று மாறினார். மாநிலத் தலைவருக்குத் தொகுதி என்பது அந்தந்தத் தேர்தலின் தேவைக்கு ஏற்ற முகவரி. தொகுதிக்காரர்களுக்கு அப்படி இல்லை. அவர்களுக்கு இருப்பது ஒரே எம்எல்ஏதான்.

முதல்வர் தொகுதின்னா என்ன லாபம்?

இதில் ஸ்ரீரங்கத்துக்குக் கிடைத்ததை மறுக்க முடியாது. 2011 ஜூனிலேயே நன்றி சொல்ல வந்த ஜெயலலிதா, திட்டங்களை அறிவித்துவிட்டுப் போனார். அடுத்த சில ஆண்டுகளில் வந்தவற்றில் முக்கியமானவை:

தேசிய சட்டப் பள்ளி: 2012ல் சட்டம் இயற்றப்பட்டு, 2013ல் தமிழ்நாடு தேசிய சட்டப் பள்ளி நாவலூர் குட்டப்பட்டில் தொடங்கியது. இன்று அது தேசிய சட்டப் பல்கலைக்கழகம்.

ஐஐஐடி: மத்திய அரசு 50, மாநில அரசு 35, தொழில் நிறுவனங்கள் 15 சதவீதம் என்ற பங்கீட்டில் வந்த இந்திய தகவல் தொழில்நுட்பக் கழகம். ஆரம்பத்தில் திருச்சி என்ஐடி வளாகத்தில் இயங்கி, பிறகு சேதுராப்பட்டிக்குப் போனது.

நாள் முழுவதும் அன்னதானம்: 2012ல் ஸ்ரீரங்கம், பழனி கோயில்களில் முதலில் தொடங்கிய திட்டம். பிறகு மற்ற பெரிய கோயில்களுக்கும் போனது.

யாத்ரி நிவாஸ்: கொள்ளிடக் கரையோரம் பஞ்சக்கரை பகுதியில் பக்தர்கள் தங்கும் விடுதி.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சட்டப் பள்ளியும் ஐஐஐடியும் கோயில் வீதியில் வரவில்லை. ஆற்றுக்குத் தெற்கே, பஸ் எண்ணிக்கை குறைவாக இருந்த கிராமங்களில் வந்தன. தொகுதியின் பெயர் ஸ்ரீரங்கம் என்பதால் இந்த ஊர்களுக்கு அடித்த யோகம் அது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. சாதாரண எம்எல்ஏ என்றால் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். கல்யாணத்தில், காதுகுத்தில் பார்த்து மனு கொடுக்கலாம். எம்எல்ஏவே முதல்வர் என்றால்? அவர் இருப்பது போயஸ் கார்டனிலும் தலைமைச் செயலகத்திலும். மனு அதிகாரிகள் கைக்கும், உள்ளூர் கட்சி நிர்வாகிகள் கைக்கும்தான் போகும். பெரிய திட்டம் வேகமாக வரும். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல ஆள் கிடைக்காது. விஐபி தொகுதியில் இருப்பவர்கள் எங்கேயும் சந்திக்கும் பிரச்சினை இது.

சரி, பதவி எப்படிப் போச்சு?

இங்கேதான் சட்டம் வருகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 8. சுருக்கமாக:

ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பாகி 2 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்றால், தீர்ப்பு நாளிலிருந்தே அவர் எம்எல்ஏ, எம்பி ஆகும் தகுதியை இழக்கிறார். விடுதலையான பிறகும் 6 ஆண்டுகள் போட்டியிட முடியாது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் தண்டனை என்றால் விதி இன்னும் கடுமை. அதில் அபராதம் மட்டும் விதித்தாலே தகுதி போய்விடும். ஜெயலலிதாவுக்கு 4 ஆண்டு தண்டனை என்பதால், தீர்ப்பு அப்படியே நின்றிருந்தால் 10 ஆண்டுகள் தேர்தல் பக்கமே வந்திருக்க முடியாது.

முன்பெல்லாம் பதவியில் இருப்பவர்களுக்கு ஒரு தப்பிக்கும் வழி இருந்தது. அதுதான் உட்பிரிவு 8(4). தீர்ப்பு வந்த 3 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்துவிட்டால், அது முடியும்வரை பதவியில் தொடரலாம். மேல்முறையீடு எத்தனை வருடம் இழுக்கும் என்பது நமக்குத் தெரியும். பதவிக்காலமே முடிந்துவிடும்.

2013 ஜூலை 10ல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. சாதாரணக் குடிமகனுக்கு ஒரு விதி, பதவியில் இருப்பவருக்கு வேறு விதி என்று நாடாளுமன்றம் சட்டம் போட முடியாது என்று சொல்லி 8(4)ஐ ரத்து செய்தது. அதே ஆண்டு லாலு பிரசாத் யாதவின் எம்பி பதவி இதனால் போனது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கம்.

2001லயும் இதே பிரச்சினைதானே வந்தது?

வந்தது. ஆனால் வேறு மாதிரி. 2000 அக்டோபரில் டான்சி நில வழக்கில் ஜெயலலிதாவுக்கு 3 ஆண்டு தண்டனை. அப்போது அவர் எம்எல்ஏ இல்லை. அதனால் 8(4) பாதுகாப்பு அவருக்குப் பொருந்தவில்லை. மனுக்கள் தள்ளுபடியாயின. ஆனாலும் அதிமுக ஜெயித்தது. எம்எல்ஏ ஆகாமலே 6 மாதம் அமைச்சராக இருக்கலாம் என்ற அரசியல் சட்டப் பிரிவு 164(4)ஐக் காட்டி, ஆளுநர் பாத்திமா பீவி அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார்.

2001 செப்டம்பர் 21ல் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு அந்த நியமனம் செல்லாது என்றது. எம்எல்ஏ ஆகத் தகுதியே இல்லாதவர் 6 மாதம் கூட முதல்வராக இருக்க முடியாது என்பது அதன் சாரம். ஓ.பன்னீர்செல்வம் முதல்வரானார். டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. தங்க தமிழ்ச்செல்வன் ராஜினாமா செய்த ஆண்டிபட்டியில் நின்று, 2002ல் மறுபடி முதல்வரானார்.

ஆக, 8(4) பாதுகாப்பு உயிரோடு இருந்த 2000ல் அவரிடம் பதவி இல்லை. 2014ல் பதவி இருந்தது, பாதுகாப்பு உயிரோடு இல்லை. இரண்டு முறையும் அவர் மாட்டியது அந்த இடைவெளியில்தான்.

ஜாமீன் கிடைச்சதும் பதவி ஏன் திரும்பல?

2014 அக்டோபர் 17ல் உச்ச நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு ஜாமீன் கொடுத்தது. தொண்டர்கள் பட்டாசு வெடித்தார்கள். ஆனால் ஸ்ரீரங்கம் திரும்பக் கிடைக்கவில்லை. ஏன்?

இரண்டு வார்த்தைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று 'தண்டனை'. அதாவது சிறைவாசம். இன்னொன்று 'குற்றவாளி என்ற தீர்ப்பு'. ஜாமீன் கொடுக்கும்போது நிறுத்திவைக்கப்படுவது சிறைவாசம் மட்டுமே. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கும். தகுதி இழப்பு அந்தத் தீர்ப்போடு ஒட்டிக்கொண்டிருப்பது. அதையும் சேர்த்து நிறுத்திவைத்தால்தான் பதவி திரும்பும்.

சமீபத்திய உதாரணம் இரண்டு. 2023ல் ராகுல் காந்தியின் எம்பி பதவி போனது. அவருடைய தீர்ப்பையே உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட்டில் நிறுத்திவைத்தது, பதவி திரும்பியது. 2023 டிசம்பரில் பொன்முடிக்கு 3 ஆண்டு தண்டனை. திருக்கோவிலூர் தொகுதி காலி என்றே அறிவிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டதும் அவர் மறுபடி எம்எல்ஏ, மறுபடி அமைச்சர்.

ஜெயலலிதா விஷயத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. செப்டம்பர் 27 முதல் ஸ்ரீரங்கம் காலி என்று 2014 நவம்பரில் அரசிதழில் அறிவிப்பு வெளியானது.

142 நாள் எம்எல்ஏ இல்லாத தொகுதி

ஒரு இடம் காலியானால் 6 மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்பது விதி. 2015 பிப்ரவரி 13ல் வாக்குப்பதிவு, 16ல் எண்ணிக்கை. செப்டம்பர் 27லிருந்து கணக்குப் போட்டால் 142 நாட்கள். சுமார் 2.7 லட்சம் வாக்காளர்களுக்காகச் சட்டமன்றத்தில் பேச அந்த நாட்களில் ஆள் இல்லை. வழக்கு 1991-96 காலச் சொத்துகளைப் பற்றியது. அந்த ஆண்டுகளுக்கும் ஸ்ரீரங்கம் வாக்காளருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் காலியாக இருந்தது அவர்களுடைய நாற்காலி.

அதிமுக நிறுத்தியது எஸ்.வளர்மதியை (சென்னையைச் சேர்ந்த முன்னாள் அமைச்சர் பா.வளர்மதி வேறு, இவர் வேறு). திமுக சார்பில் மறுபடியும் என்.ஆனந்த். பாஜகவும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட்டும் நின்றன. அமைச்சர்கள் படையாகத் தொகுதியில் முகாமிட்டார்கள். 2009 திருமங்கலத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் இடைத்தேர்தல் என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வளர்மதிக்கு 1,51,561 வாக்குகள். ஆனந்துக்கு 55,045. வித்தியாசம் 96,516. அதாவது ஜெயலலிதாவே நின்று வாங்கிய வித்தியாசத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். மற்ற எல்லோரும் டெபாசிட் இழந்தார்கள்.

"அம்மாவுக்கு அனுதாப அலை" என்றது அதிமுக. ஆனால் அடுத்த 15 மாதத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2016 பொதுத்தேர்தல். அதே வளர்மதி, அதே தொகுதி, அதே சின்னம். வித்தியாசம் 14,409 ஆகச் சுருங்கியது. 2021ல் திமுகவின் பழனியாண்டி 19,915 வாக்குகள் வித்தியாசத்தில் தொகுதியையே எடுத்துக்கொண்டார். இடைத்தேர்தல் வித்தியாசத்தை வைத்து ஒரு ஊரின் மனநிலையை முடிவுசெய்யக் கூடாது என்பதற்கு இந்த மூன்று எண்களே போதும்.

விடுதலையான பிறகு ஏன் ஸ்ரீரங்கம் வரல?

2015 மே 11ல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. தீர்ப்பு ரத்தானதும் தகுதி இழப்பும் போய்விட்டது. ஆனால் பழைய இடம் திரும்பக் கிடைக்காது. அங்கே மக்கள் வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மறுபடி ஸ்ரீரங்கத்தில் நிற்க வேண்டுமானால் வளர்மதி ராஜினாமா செய்து, நான்கே மாதத்தில் இரண்டாவது இடைத்தேர்தல் வைக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஆர்.கே.நகரில் வெற்றிவேல் ராஜினாமா செய்தார். மே 23ல் முதல்வரான ஜெயலலிதா, ஜூன் 27ல் நடந்த இடைத்தேர்தலில் அங்கே வென்றார்.

2016ல் மறுபடி ஆட்சி. 1984க்குப் பிறகு தமிழ்நாட்டில் ஆளும் கட்சி ஒன்று தொடர்ந்து ஜெயித்தது அதுதான் முதல்முறை. வளர்மதி பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறை அமைச்சரானார். டிசம்பர் 5ல் ஜெயலலிதா மறைந்தார். 2017 பிப்ரவரி 14ல் உச்ச நீதிமன்றம் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் விடுதலையை ரத்து செய்து, டி'குன்ஹா கொடுத்த தீர்ப்பைத் திரும்பக் கொண்டுவந்தது. சசிகலா, இளவரசி, சுதாகரன் சிறைக்குப் போனார்கள். இறந்துவிட்டதால் ஜெயலலிதா மீதான மேல்முறையீடு அற்றுப்போனது.

அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால் என்ன பார்க்கணும்?

எந்தக் கட்சி எம்எல்ஏவாக இருந்தாலும், 'தண்டனை' என்று மொபைலில் நோட்டிஃபிகேஷன் வந்ததும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. எந்தச் சட்டத்தின் கீழ் தண்டனை? ஊழல் தடுப்புச் சட்டம் என்றால் அபராதமே போதும், பதவி காலி.
2. மற்ற வழக்கு என்றால் எத்தனை ஆண்டு? 2 ஆண்டுக்குக் குறைவு என்றால் பெரும்பாலும் பதவிக்குப் பாதிப்பில்லை.
3. மேல் நீதிமன்றம் நிறுத்திவைத்தது சிறைவாசத்தையா, தீர்ப்பையா? தீர்ப்பை என்றால் மட்டுமே பதவி திரும்பும்.
4. தொகுதி காலி என்று அறிவித்த தேதி என்ன? இடம் காலியான நாளிலிருந்து 6 மாதத்துக்குள் இடைத்தேர்தல் வர வேண்டும்.

நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் சட்டப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு லில்லி தாமஸ் வழக்கு ஒரு பாடம். அந்த வளாகத்தைச் சுற்றி இருக்கும் ஊர்க்காரர்கள் அந்தத் தீர்ப்பின் விளைவை 142 நாள் நேரில் பார்த்தவர்கள். தலைவர்களுக்குத் தொகுதி மாறலாம். காலியான நாற்காலிக்கு மறுபடி வரிசையில் நின்று ஓட்டுப் போட வேண்டியது எப்போதும் அதே மக்கள்தான்.